மாலைப் பசியும் மீன் சாண்ட்விச்சும்: ஹலாலோடு தய்யிபையும் கேட்போம்



பள்ளிக்கூடம் விட்டு மாலை நான்கரை மணியளவில் வீடு திரும்பும் பிள்ளை, மதிய உணவு உண்டு நான்கு மணிநேரம் ஆகியிருக்கும். அடுத்த அரைமணி நேரத்திற்குள் தொப்பியோ முக்காடோ அணிந்து, மக்தப் மதரஸாவில் குர்ஆனைத் திறந்து அமர வேண்டும். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என நமது பகுதியின் பல மஹல்லாக்களில் இதுவே வழக்கம். அந்த அரைமணி நேரத்தில் அப்பிள்ளையின் வயிற்றுக்குள் செல்வது என்ன? பெரும்பாலும் ஒரு சிப்ஸ் பாக்கெட், அல்லது பேக்கரியின் பப்ஸ், அதனுடன் நிறமேற்றிய ஒரு குளிர்பானம். ஓதும் பிள்ளைகளுக்கு எதிரே அமரும் ஆசிரியர்களாகிய நாம் அதன் விளைவை அன்றாடம் காண்கிறோம். மத்து, ஷத்து பிசகாமல் ஓதத் தொடங்கிய பிள்ளை சிறிது நேரத்தில் கொட்டாவி விடுகிறது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, மனத்தில் ஏறுவதில்லை. பிள்ளைக்கு அறிவு குறைவு என்று முடிவு கட்டுமுன், அதன் வயிற்றைப் பற்றிக் கேட்பதே நியாயம்.

கோழி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று கேட்கத் தவறாத சமுதாயம் நமது சமுதாயம். அது மெச்சத்தக்க பேணுதல்தான். ஆயினும் அல்பகரா அத்தியாயத்தின் 168ஆவது வசனம் மனிதர் அனைவரையும் விளித்து, ஆகுமானதையும் தூய்மையானதையும் உண்ணச் சொல்கிறது. ஹலால், தய்யிப் என்னும் இரு சொற்கள் அங்கே இணைந்தே நிற்கின்றன. முதற்சொல்லைப் பற்றி ஓயாமல் கேட்கும் நாம், இரண்டாம் சொல்லைப் பெரும்பாலும் கேட்பதேயில்லை. பிள்ளையின் மாலைச் சிற்றுண்டி ஹராம் அன்று; ஆனால் அது தய்யிபானதா? இவ்விரு கேள்விகளுக்கும் ஒருங்கே விடையளிக்கும் ஓர் எளிய உணவை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அதுதான் வீட்டில் செய்யும் காரமான மீன் மசியலை வைத்துத் தோசைக்கல்லில் வாட்டிய சாண்ட்விச்.

ஏன் மீன்?

கடல் இல்லாத பள்ளத்தாக்கில் வாழ்வதால், மீன் கரையோர மக்களின் உணவு, ஆட்டிறைச்சியும் கோழியுமே நமது உணவு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உண்மை வேறு. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் லோயர் கேம்ப் வழியாக இறங்கி நமது வயல்களை நனைத்துச் சென்று வைகையில் கலக்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே ஆண்டிபட்டிக்கு அருகில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபிக் கெண்டை ஆகியவை பிடிபடுகின்றன. மத்தியும் அயிலையும் சூரையும் ஐஸ் பெட்டிகளில் நமது சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன.

மார்க்கத்தின் பார்வையில் மீன் தனிச்சிறப்புடையது. அதனை அறுக்க வேண்டியதில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆவது வசனம் நீரில் வேட்டையாடப்படுவதை ஆகுமாக்குகிறது. அங்குள்ள ‘பஹ்ர்’ என்னும் சொல் கடலை மட்டுமின்றி ஆற்றையும் ஏரியையும் உள்ளடக்கும் என்பது அறிஞர்களின் விளக்கம். ஆகவே வைகை அணை மீனும் அதில் அடங்கும். அன்னஹ்ல் அத்தியாயத்தின் 14ஆவது வசனமோ கடல் தரும் இறைச்சியைக் குறிப்பிடும்போது, புதியது என்னும் அடைமொழியுடன் குறிப்பிடுகிறது. மீன் வாங்குவோர் நினைவில் நிறுத்த வேண்டிய அடைமொழி அது.

அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரை நோக்கிச் சென்ற முந்நூறு பேர் கொண்ட படையின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்னும் நிலை வந்து, பின்னர் மர இலைகளை உதிர்த்து உண்ணும் அளவிற்குப் பசி முற்றியபோது, கடல் ஒரு பெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. அதனை உண்டு அவர்கள் உடல் தேறினர். மதீனா திரும்பியதும் அதில் எஞ்சியதை நபி (ஸல்) அவர்கள் கேட்டு வாங்கி உண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. உண்ணலாமா என்னும் ஐயம் தோழர்களின் மனத்தில் எஞ்சிவிடாதபடி, தாமே உண்டு காட்டிய கனிவு அதில் விளங்குகிறது.

உடல்நலத்தின் பக்கம் நோக்கினும் மீன் குறைந்ததன்று. 100 கிராம் மத்தியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. மூளைக்கும் இதயத்திற்கும் நலம் தரும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. முள்ளோடு மென்மையாக வெந்த மத்தி கால்சியமும் தரும். சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பதோ மாவுச்சத்தும் எண்ணெயும் உப்பும் மட்டுமே.

பிள்ளைகள் மீனை ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சுவையன்று, முள்தான். ஆற்று மீன்களில் அது இன்னும் மிகுதி. மசியல் அந்த அச்சத்தை நீக்கிவிடுகிறது. முள் எடுக்கும் பொறுப்பு சமைப்பவரின் கைக்குச் சென்றுவிடுவதால் பிள்ளை அச்சமின்றி உண்கிறது.

மத்ஹபு வேறுபாட்டை மதித்தல்

நமது பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு மேலோங்கி நிற்கிறது. திருமண உறவுகள் இரு பகுதிகளையும் இணைக்கும்போது, சமையலறையில் ஒரு சிறு சலசலப்பு எழுவதுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களுக்கான அனுமதி விரிவானது. ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகுமானது. நண்டும் கணவாயும் ஆகாது. இறால் மீன் இனமா அன்றா என்பதில் அம்மத்ஹபின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் புறக்காரணமுமின்றித் தானாக இறந்து, வயிறு மேல்நோக்கி மிதக்கும் மீனையும் ஹனஃபி அறிஞர்கள் தவிர்க்கச் சொல்கின்றனர். வலையில் சிக்கியோ, நீரைவிட்டு வெளியே எடுக்கப்பட்டோ இறந்த மீனில் தடையில்லை.

இதனை இங்கு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய கடைகளில் புட்டிகளில் விற்கும் மீன் மசியலிலும், உறைந்த நிலையில் விற்கும் கடலுணவுக் குச்சிகளிலும் நண்டுச் சாறோ இறாலோ கலந்திருக்கக்கூடும். சிலவற்றில் சுவைக்காக மதுவகை சேர்ப்பதும் உண்டு. எனவே அட்டையைப் படிக்காமல் வாங்குவது பேணுதலாகாது. வீட்டில் நாமே செய்யும்போது இந்த ஐயத்திற்கே இடமில்லை. மேலும், செதிளும் துடுப்பும் உடைய மத்தியையோ கட்லாவையோ கொண்டு செய்தால், இரு மத்ஹபினரும் மனக்கசப்பின்றி ஒரே தட்டில் உண்ணலாம். கருத்து வேறுபாட்டை வென்று காட்டுவதைவிட, வேறுபாடு எழாத உணவை விருந்தினர் முன் வைப்பதே பண்பாடு.

செய்முறை

நால்வர் உள்ள குடும்பத்திற்கு அரைக் கிலோ மீன் போதும். முதல் நிபந்தனை புதுமை. கண் தெளிந்து பிதுங்கி, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை மீண்டெழ வேண்டும். மத்தி, அயிலை, சூரை ஆகியவற்றில் இன்னும் ஒரு கவனம் தேவை. இவை வெயிலில் சில மணிநேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். முகம் சிவத்தல், தலைவலி, வாந்தி ஆகியவற்றை அது உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. எனவே ஐஸில் வைத்து விற்கும் மீனையே வாங்கி, தாமதமின்றி வீடு கொண்டு வந்து குளிரில் வைத்தல் வேண்டும்.

சுத்தம் செய்த மீனில் உப்பும் மஞ்சள் தூளும் தடவி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். ஆறியபின் தோலையும் நடுமுள்ளையும் நீக்கி, சதையை அகன்ற தட்டில் பரப்பி, விரல் நுனிகளால் இருமுறை தடவிப் பார்க்கவும். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது. சிறு மத்தியாயின், அதனை ஆவியில் வேகவைக்காமல், சிறிது புளிக்கரைசல் சேர்த்துக் குக்கரில் குறைந்த தீயில் இருபத்தைந்து நிமிடம் வைத்தால் முள்ளே கரையும் அளவிற்கு மென்மையாகும். அதையும் தடவிப் பார்த்த பின்னரே பயன்படுத்தவும்.

வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்து, பொடியாக நறுக்கிய பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்கவும். அதில் முக்கால் தேக்கரண்டி மிளகாய்த் தூளும், அரைத் தேக்கரண்டி இடித்த மிளகும் சேர்க்கவும். நமக்கு மேற்கே உள்ள மலைகளில் விளையும் மிளகின் காரம் நாவைச் சுடாமல் தொண்டையில் இறங்கும். பிள்ளைகளுக்காக மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிக்கொள்ளலாம். பின்னர் மீனைச் சேர்த்துக் கீரை மத்தால் மசித்து, ஈரம் முழுவதும் வற்றும்வரை கிளறவும். இதில் அவசரம் கூடாது. ஈரம் எஞ்சினால் பிரெட் ஊறிப் பிய்ந்துவிடும். இறக்கி ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மசியல் தயார்.

பிரெட் வாங்கும்போதும் அட்டையைப் படிப்பது நல்லது. பொட்டாசியம் புரோமேட் என்னும் சேர்மானத்தை நமது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் தடை செய்தது. இன்று கவனிக்க வேண்டியது பச்சைப் புள்ளி. மாவை மென்மையாக்கச் சேர்க்கும் கொழுப்புப் பொருள்கள் விலங்கிலிருந்தும் பெறப்படலாம், தாவரத்திலிருந்தும் பெறப்படலாம். பச்சைப் புள்ளி இருப்பின் அவை விலங்கிலிருந்து பெறப்பட்டவையல்ல என்று கொள்ளலாம். கோதுமை பிரெட் கிடைத்தால் இன்னும் சிறப்பு.

இரு துண்டுகளுக்கிடையே மசியலை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தோசைக்கல்லில் சிறிது நெய் தடவிக் குறைந்த தீயில் வைத்து, மேலே கனமான ஒரு பாத்திரத்தால் அழுத்தவும். பக்கத்திற்கு மூன்று நிமிடம் போதும். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. மசியலை முதல் நாள் இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் மறுநாள் மாலை வேலை பத்தே நிமிடம். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். நெடுநேரம் மின்தடை ஏற்பட்டிருந்தால் அதனை நம்பவும் வேண்டாம்.

வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்க்காமல் வதக்கச் சொல்வதில் ஒரு மார்க்கக் காரணமும் உண்டு. பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அந்த வாடையுடன் பள்ளிவாசலுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. உண்ண வேண்டுமாயின் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஓதப் புறப்படும் பிள்ளைக்கு இந்த ஒழுக்கத்தை அடுப்படியிலேயே கற்பித்துவிடலாம். உண்டபின் கைகழுவி, வாய் கொப்பளித்து, மிஸ்வாக் செய்து அனுப்புதல் அதன் நிறைவு.

எழக்கூடிய மறுப்புகள்

‘சாண்ட்விச் அந்நியர் உணவல்லவா?’ என்று பெரியவர்கள் சிலர் கேட்பர். பெயர் அந்நியமானதுதான். ஆனால் நாம் விரும்பி வாங்கும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மீன். அது இந்தியாவுக்கு வந்ததே 1952இல்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அவை இன்று நம்முடையவை ஆகிவிட்டன. மீனை வேகவைத்து உதிர்த்து மசாலாவில் புரட்டும் சுறாப்புட்டு தமிழகக் கரையோரத்தின் பழகிய பண்டம். மலாயாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கச் சென்ற நம்மவர்கள், மத்தியை மிளகாய், வெங்காயம், எலுமிச்சையுடன் பிசைந்து ரொட்டியில் வைத்து உண்ணும் பழக்கத்தை அங்கே நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர். மார்க்கம் உணவின் பெயரையோ ஊரையோ ஆராய்வதில்லை. அதிலுள்ள பொருளையும், அது வந்த வழியையும், உண்ணும் அளவையுமே ஆராய்கிறது.

‘ஏற்கெனவே களைத்திருக்கும் தாயின் தலையில் இன்னொரு வேலையா?’ என்பது இரண்டாம் மறுப்பு. இது நியாயமான மறுப்பு. நமது பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலை திரும்பும் பெண்கள் உண்டு. கணவர் வெளிநாட்டில் இருக்க, முழுக் குடும்பத்தையும் தனியே சுமக்கும் பெண்களும் உண்டு. அவர்களிடம் இன்னும் ஒரு பதார்த்தம் செய்யுங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது, அறமாகாது. எனவேதான் இந்த உணவை நாம் தேர்ந்தெடுத்தோம். முள் எடுக்கப் பொறுமை போதும், மசிக்கக் கைவலிமை போதும், வாட்டப் பத்து நிமிடம் போதும். இவற்றை அத்தாவும் செய்யலாம். பன்னிரண்டு வயது மகனும் பெரியவர் மேற்பார்வையில் செய்யலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றே ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். மிம்பரில் இந்த ஹதீஸைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், வீட்டில் தோசைக்கல்லின் பக்கம் செல்லக் கூச்சப்படுவது பொருத்தமில்லை. ரமலானில் அஸருக்குப் பின் பெண்கள் எண்ணெய்ச் சட்டியருகே வியர்த்து நிற்க, ஆண்கள் பாங்கை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் வழக்கத்திற்கும் இதே விடைதான்.

மூன்றாவது, செலவு. பெரிய மீனைத் தேட வேண்டியதில்லை. மலிவான சிறுமீனே இதற்கு ஏற்றது. ஒரு பிள்ளைக்கு அன்றாடம் செலவிடும் பாக்கெட் தின்பண்டத்தின் விலையை ஒரு வாரத்திற்குக் கூட்டிப் பார்த்தால், மீன் வாங்கும் தொகை அதிலிருந்தே வந்துவிடும். தலையும் வாலும் குழம்புக்கு ஆகும், எதுவும் வீணாகாது. குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நினைவிற்கொண்டு, மசியலில் அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பங்கு வைத்தால் பரக்கத் பெருகும்.

ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடுவது முறையாகாது. பள்ளிக்கூடம் விட்ட களைப்போடு, உண்ணவும் நேரமின்றிப் பிள்ளைகளை ஓட வைப்பதில் மதரஸா நேர அட்டவணைக்கும் பங்கு உண்டு. மாலை வகுப்பை இருபது நிமிடம் தள்ளித் தொடங்குங்கள். பிள்ளை வீட்டில் அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, உண்டு, கைகழுவி வர அந்த இருபது நிமிடம் போதும். பாட நேரம் அதனால் குறையுமே என்று எண்ண வேண்டாம். வயிறு நிறைந்த பிள்ளை நாற்பது நிமிடத்தில் ஓதுவதைப் பசித்த பிள்ளை ஒரு மணிநேரத்திலும் ஓதுவதில்லை. உண்ண வழியற்ற வீடுகளின் பிள்ளைகளுக்கு, வாரத்தில் ஒரு நாளேனும் மதரஸாவிலேயே ஒரு சிற்றுண்டி தர மஹல்லாவின் செல்வந்தர்கள் முன்வந்தால், அது ஓதுவிப்பதில் பங்கெடுத்த நன்மையாகும்.

இந்த வாரம் ஒரே ஒரு மாலை செய்து பாருங்கள். முள்ளை அத்தா எடுக்கட்டும், மசியலை மகன் மசிக்கட்டும், முதல் துண்டு அம்மாவின் தட்டில் விழட்டும். அன்று மாலை ஓதச் செல்லும் பிள்ளையின் முகத்தை அதன் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நமது பிள்ளைகளின் வயிற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் சேர்த்து, அவர்களின் உள்ளத்தில் குர்ஆனின் ஒளியை நிலைக்கச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.